மதுரையின் ரோசாப்பூ துரை

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் ரோசாப்பூ என்று பெயர் கொண்ட ஆண்பிள்ளைகள் உண்டு. வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார். மீசை முறுக்கிய ஆளுக்குப் பூவின் பெயரா என்று நினைப்பார்.

அது பூவின் பெயர் அல்ல. ஒரு வக்கீலின் பெயர்!

ஜோசப் என்ற பெயர் கிராமத்து நாவில் புரண்டு புரண்டு ரோசாப்பூ ஆயிற்று. சீமையில் படித்த பாரிஸ்டர் என்பதால் துரை என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. கோட்டில் ரோஜாப்பூ செருகியிருப்பார், அதனால் வந்த பெயர் என்று சொல்வோரும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், ஜனங்கள் ஆசையோடு வைத்த பெயர் அது. அவர்தான் ஜார்ஜ் ஜோசப்.

சீமைப் படிப்பு

1887-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி, திருவாங்கூர் சமஸ்தானத்துச் செங்கன்னூரில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். புகழ் பெற்ற பத்திரிகை ஆசிரியர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் தத்துவம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். லண்டனில் பாரிஸ்டர் ஆனார். 1909-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஊர் திரும்பினார்.

முதலில் சென்னையில் தொழில். பிறகு மதுரை. மனைவி சூசன்னாவோடு இங்கே குடியேறினார். நல்ல வருமானம். வீடு, வாசல், வசதி எல்லாம் வந்தன. அப்படியே இருந்திருந்தால் அவரை இன்று யாரும் நினைக்கப் போவதில்லை.

கப்பலில் போனவர் திரும்பி வந்தார்

அன்னி பெசன்ட் அம்மையார் அப்போது சுயாட்சிக் கிளர்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். இந்தியாவின் கோரிக்கையை இங்கிலாந்து மக்களிடமே போய்ச் சொல்ல ஒரு தூதுக்குழு புறப்பட்டது. அதில் ஜோசப்பும் ஒருவர். அது உலக யுத்த காலம். கப்பல் ஜிப்ரால்டர் துறைமுகத்தை அடைந்தது. அங்கேயே வெள்ளைக்கார சர்க்கார் அவர்களை இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டது.

இது நடந்தது 1918-ல். சீமைக்குப் போய் ஜனங்களுக்காகப் பேச முடியவில்லை. அதே ஆண்டில் மதுரையிலேயே, அவருடைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பேச ஆளில்லாத ஆயிரக்கணக்கான ஜனங்கள் காத்திருந்தார்கள்.

பஞ்சாலைச் சங்கு

மதுரை ரயில் நிலையத்துக்கு மேற்கே பெரிய பஞ்சாலை ஒன்று உண்டு. ஹார்வி என்ற வெள்ளைக்காரக் குடும்பத்தின் மதுரா மில் அது. திருப்பரங்குன்றம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஹார்விபட்டி என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். மில் தொழிலாளருக்காகப் பிற்காலத்தில் எழுந்த ஊர் அது.

சங்கு ஊதினால் சுற்றுப்பட்டி ஜனங்கள் மில்லுக்குள் போவார்கள். ஆண்கள், பெண்கள், சிறு பிள்ளைகளும் கூட. அக்காலச் சட்டப்படியே ஆண்களிடம் நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம். யுத்தத்தால் அரிசி விலையும் துணி விலையும் ஏறிவிட்டன. கூலி மட்டும் ஏறவில்லை. நெசவு ஊரில் நூல் நூற்கிறவன் உடம்புக்குத் துணி இல்லை!

கேட்கலாம் என்றால் யார் போய்க் கேட்பது? தனியாகப் போனவன் மறுநாள் வாசலோடு நிற்பான். பத்துப் பேர் சேர்ந்து போனால் கலகக்காரர் என்று போலீஸ் வரும்.

இதே ஹார்விகளுக்குத் தூத்துக்குடியிலும் கோரல் மில் என்ற ஆலை இருந்தது. 1908-ல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளருக்குத் துணை நின்றார்கள். முதலாளிகள் சில நாள்களில் இறங்கி வந்தார்கள். ஆனால் அந்த ஆண்டே இருவரும் ராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார்கள். தொழிலாளிக்காகப் பேசினால் என்ன ஆகும் என்பது மதுரை வக்கீல்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல.

தெரிந்தும் ஜோசப் இறங்கினார். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அவரும் சேர்ந்து 1918-ல் மதுரைத் தொழிற்சங்கத்தை உண்டாக்கினார்கள். சென்னையில் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் சங்கம் கண்டதும் அதே ஆண்டில்தான். நாட்டிலேயே முதல் வரிசைச் சங்கங்களில் ஒன்று நம் மதுரையினுடையது.

சங்கம் போராடியது. கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. சீமை உடுப்புப் போட்ட வக்கீல் தங்கள் பக்கம் நிற்கிறார் என்பதே பாதித் தைரியம்.

சங்கத்தின் பெயரால் பேசுவது யார்?

முதலாளிகளுக்கு இங்கேதான் கோபம். கூலியைக் கூடக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். சங்கம் என்ற ஒன்றைச் சமமாக உட்கார வைத்துப் பேசுவதா? வெளியாள் வந்து எங்கள் ஆலை விஷயத்தைப் பேசுவதா? அந்தக் காலத்து முதலாளிகள் எல்லோருடைய வாதமும் இதுதான்.

சட்டமும் அவர்கள் பக்கமே இருந்தது. சென்னையில் பின்னி கம்பெனி வாடியாவின் மேல் வழக்குப் போட்டது. தொழிலாளரைத் தூண்டக்கூடாது என்று ஹைகோர்ட்டு தடையுத்தரவு போட்டது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டே விலக நேர்ந்தது. மதுரையிலும் மில் முதலாளிகளும் சர்க்காரும் கைகோத்து நெருக்கினார்கள். ஜோசப்பின் சங்கம் அதிக காலம் நீடிக்கவில்லை. மூடிப் போயிற்று.

இந்தத் தோல்விகளுக்குப் பின்தான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு செய்த சங்கத்தின் தலைவர்மேல், வேலைநிறுத்தம் நடத்தியதற்காக வழக்குப் போட்டு மடக்க முடியாமல் போயிற்று. ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை. சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. அதோடு பேசியே தீர வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த அந்தச் சட்டத்தால் முடியவில்லை! பதிவு வேறாகவும் அங்கீகாரம் வேறாகவும் இருந்தன. பார்சல் லாரி ஓட்டுகிறவர் முதல் பஞ்சாலையில் நூல் நூற்கிறவர் வரை, சங்கம் வைத்தவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் முட்டி நின்றிருக்கிறார்கள்.

அந்த மில்லை ஒட்டினாற்போல் ஓடும் ரயில்வேயில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எந்தச் சங்கம் தங்களுக்காகப் பேசலாம் என்று ரயில்வே ஊழியரே ரகசிய ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். 2007-லும் 2013-லும் 2024-லும் அப்படித் தேர்தல் நடந்தது. மதுரைக் கோட்டத்து ஊழியரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். ஜோசப் சங்கம் வைத்ததற்கும் அந்த முதல் ஓட்டுப் பெட்டிக்கும் நடுவே 89 ஆண்டுகள்!

கைரேகைச் சட்டம்

மில் சண்டையைவிடப் பெரிய சண்டை கிராமங்களில் காத்திருந்தது.

குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று. ஒரு ஜாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று சொன்ன சட்டம். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் மக்கள்மீது சர்க்கார் அதை ஏவியது. ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். இராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் படுக்க வேண்டும். பகலெல்லாம் காட்டில் உழைத்தவன், புதிதாகக் கல்யாணம் ஆனவன், வீட்டில் நோயாளிப் பிள்ளையை வைத்திருப்பவன், யாருக்கும் விலக்கு இல்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் அடுத்த ஊருக்குப் போனால் ஜெயில்.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூர் ஜனங்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் உயிர் விட்டார்கள்.

சுடப்பட்ட ஜனங்களின் மேலேயே வழக்கும் பாய்ந்தது. அவர்களுக்காகக் கோர்ட்டில் நின்றவர் ஜோசப். கட்சிக்காரரிடம் கொடுக்கப் பணம் இல்லை. கொடுக்க இருந்ததைக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

காந்தியும் ஜோசப்பும்

1919 மார்ச்சில் காந்தியடிகள் மதுரைக்கு வந்தபோது தங்கியது இவர் வீட்டில்தான். ரௌலட் சட்டத்தை எதிர்த்து மதுரையில் கடையடைப்பும் உபவாசமும் நடத்திக் காட்டினார். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் வக்கீல் தொழிலையே விட்டார். மோதிலால் நேருவின் பத்திரிகைக்கு ஆசிரியராக அலகாபாத் போனார். 1921-ல் சிறை. நேரு குடும்பத்தாரோடு லட்சுமணபுரிச் சிறையில் இருந்தார். வெளியே வந்து, 1923-ல் காந்தியடிகளின் ‘யங் இந்தியா’வுக்கு ஆசிரியரானார்.

அடுத்த ஆண்டு வைக்கம் சத்தியாக்கிரகம். கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிமை கேட்ட போராட்டம். ஜோசப் முன்னே நின்றார். இது இந்துக்கள் தீர்க்க வேண்டிய காரியம், கிறிஸ்தவர் ஒதுங்கியிருக்கட்டும் என்று காந்தியடிகள் எழுதினார். ஜோசப் அதற்குள் கைதாகிவிட்டார்.

தெருவில் நடப்பது மனிதனின் உரிமை, அதில் மதம் எங்கே வந்தது என்று ஜோசப் நினைத்தார். மில்லில் வெளியாள் என்று சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள். இங்கே சொன்னவரோ அவர் வணங்கிய தலைவர். அந்தக் காயம் ஆறவில்லை. மெல்ல விலகினார். மதுரைக்கே திரும்பி மறுபடி கறுப்புக் கோட்டு மாட்டினார். காந்தியடிகளுக்கு அவர் காரணம் இருந்திருக்கும். ஆனாலும் ஜோசப்பின் வருத்தம் நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோட்டு மாட்டியவர் ஏழை வழக்கை விடவில்லை. 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் ஓர் இளைஞரைச் சிக்க வைத்தார்கள். பழைய தோழர் வரதராஜுலு நாயுடுவோடு சேர்ந்து ஜோசப் வாதாடினார். குற்றம் பொய் என்று தீர்ந்தது. விடுதலையான இளைஞர் பெயர் காமராஜ்!

கிழக்கு வாசல் கல்லறை

பிறகு மீண்டும் காங்கிரசில் சேர்ந்தார். 1937-ல் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களின் சார்பில் டில்லிச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதிக நாள் இருக்கவில்லை. 1938 மார்ச் 5-ந் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது ஐம்பதுதான். கிழக்கு வாசல் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அதே 1938-ல் பசுமலை மகாலட்சுமி மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இம்முறை தலைமை தாங்கிச் சிறை சென்றவர் முத்துராமலிங்கத் தேவர். கைரேகைச் சட்டத்தை எதிர்த்தும் அவர் ஊர் ஊராகப் பேசினார். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947-ல். ஜோசப் அதைப் பார்க்கவில்லை.

அவருடைய கல்லறைக்கு மேற்குக் கிராமத்து ஜனங்கள் மாலையோடு வருவதுண்டு. வந்தவர்களில் ரோசாப்பூ என்ற பெயர்க்காரரும் இருப்பார்.