அதிர்வலையைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்

விண்வெளிக் குப்பை மோதினால் விண்கலத்தின் உலோகக் கவசம் தாங்குமா? இப்போ நீங்க கணினியிலேயே மோதவிட்டுப் பார்க்கலாம். அதற்கு வழி செய்தவர்களில் ஒருவர் ஜான் வான் நியூமன்.

1903இல் புடாபெஸ்ட்டில் பிறந்த கணித மேதை. போர்க்காலத்தில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் சேர்ந்தார். வெடிப்பின் அதிர்வலை புளூட்டோனியக் கோளத்தை எல்லாப் பக்கமும் சமமாக நசுக்கணும். அதைக் கணக்கிட உதவினார். 1945இல் நாகசாகியில் விழுந்தது அந்த வகைக் குண்டுதான்.

கணினி உலோகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். அதிர்வலையின் முகப்போ கட்டத்தைவிட மெல்லியது. விடை தாறுமாறாகிடும். 1950இல் நியூமனும் ராபர்ட் ரிக்ட்மயரும் தீர்வு சொன்னாங்க: கணக்கில் செயற்கையாகக் கொஞ்சம் பிசுபிசுப்பு சேர்த்தால் முகப்பு சில கட்டங்களுக்குப் பரவும். கணினியும் பிடிச்சுக்கும்.

1957இல் புற்றுநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 53. குண்டுக்காக வளர்ந்த கணக்கு, இன்று விண்வெளி வீரர்களைக் காக்கவும் உதவுது.