காசுகளின் துணையால் அறவேந்தனை மீட்ட பிரின்செப்

அசோகச் சக்கரவர்த்தியின் திருப்பெயரை இன்று நம் சிறுவரும் அறிவர். ஆயினும், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அப்பேரரசர் பொறித்த கல்லெழுத்துக்களைப் படிக்க வல்லார் இந்நாட்டில் ஒருவரும் இலர். 1356ஆம் ஆண்டில் பிரோஸ் ஷா துக்ளக் என்னும் சுல்தான், தோப்ரா என்னும் ஊரிலிருந்த அசோகத் தூணைப் பெருமுயற்சியுடன் டில்லிக்குக் கொணர்ந்தார். அதன்மீதுள்ள எழுத்தைப் படிக்க அறிஞர் பலரை அழைத்தும் பயனில்லை. அறவுரை கண்முன்னே நின்றது. அதனைக் கேட்கும் செவி நாட்டுக்கு இல்லாதிருந்தது. அந்நிலையை மாற்றியவர் ஜேம்ஸ் பிரின்செப். அவருக்கு வழிகாட்டியவற்றுள், சரித்திரம் மறந்துபோன யவன அரசர்களின் சிறு காசுகளும் அடங்கும். அவ்வரலாற்றை ஈண்டு நாம் சுருக்கமாகக் கூறுவோம்.

பிரின்செப் 1799ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். கட்டடக் கலை பயில விரும்பினார். கண்ணோய் அதனைத் தடுத்தது. பின்னர்ப் பொன் வெள்ளிகளின் மாற்றுக் காணும் தொழிலைக் கற்று, 1819இல் கல்கத்தா நாணயசாலைக்கு வந்து சேர்ந்தார். காசியில் பத்தாண்டு பணியாற்றி, அந்நகரின் கழிவுநீர் செல்லச் சுரங்கக் கால்வாய் அமைத்தார். 1830இல் காசி நாணயசாலை மூடப்படவே கல்கத்தாவுக்குத் திரும்பினார். அங்கே ஆசியக் கழகத்தின் செயலாளராகி, அதன் மாத ஏட்டையும் நடத்தினார்.

அக்காலத்தில் பஞ்சாபிலும் ஆப்கானிஸ்தானத்திலும் பழங்காசுகள் திரளாகக் கிடைத்தன. 1830இல் வெஞ்சுரா என்னும் தளபதி மாணிக்கியாலத் தூபத்தை அகழ்ந்தபோது காசுகள் வெளிப்பட்டன. சார்லஸ் மேஸன் என்பவர் காபூலுக்கு அருகிலுள்ள பேகிராமில் பல்லாயிரம் காசுகளைத் திரட்டினார். அலெக்சாந்தருக்குப் பின் பாக்திரியாவிலும் வடமேற்கு இந்தியாவிலும் ஆண்ட யவன அரசர் முப்பதின்மருக்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிலிந்தன் என நம் நூல்கள் போற்றும் மெனாந்தரை நாம் அறிவோம். ஆனால் ஏனையோருட் பெரும்பாலோரைக் குறித்து நூல்கள் யாதும் உரைப்பதில்லை. அன்னார் வாழ்ந்தனர் என்பதற்கே காசுகள்தாம் சான்று.

இவ்வரசர் பலர் வெளியிட்ட வெள்ளிக்காசில் ஒருபுறம் அரசன் முகமும் கிரேக்க எழுத்தும், மறுபுறம் தெய்வ உருவமும் கரோஷ்டி என்னும் இந்நாட்டு எழுத்தும் இருக்கும். நிறை சுமார் இரண்டரை கிராம். அளவோ விரல் நகத்தினும் சற்றே பெரிது. கிரேக்கத்தைப் படிக்கத் தெரியும்; கரோஷ்டியைப் படிக்கத் தெரியாது. ஆனால் இருபுறமும் ஒரே செய்தி என்றால், தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறியலாமன்றோ? மெனாந்தர், அப்பலோதோதஸ், ஹெர்மேயஸ் ஆகியோர் பெயர்களுக்கு நேரான எழுத்துக்களை மேஸன் கண்டு பிரின்செப்பிடம் தெரிவித்தார். கிரேக்கத்தில் அரசன் என்றிருந்த இடத்தில் மறுபுறம் மகாராஜஸ என்றும், காப்பவன் என்றிருந்த இடத்தில் திராதாரஸ என்றும் இருப்பது படிப்படியாகப் புலனாயிற்று.

தூண்களிலிருந்த பிராமி எழுத்துக்கும் இம்முறையே முதற்சாவி தந்தது. அகாதோக்ளீஸ் என்னும் யவன மன்னனின் செப்புக்காசில் கிரேக்கத்தோடு பிராமியும் இருந்தது. 1836இல் கிறிஸ்தியன் லாஸன் என்னும் அறிஞர் அதில் அவன் பெயரைப் படித்தார். மறு ஆண்டில் பிரின்செப், சாஞ்சித் தூபத்தின் கல்வேலியிலிருந்து படியெடுக்கப்பட்ட சிறு சிறு எழுத்துக்களை ஆராய்ந்தார். அவற்றுட் பல ஒரே இரண்டு எழுத்துக்களில் முடிவதைக் கண்டார். தூபத்திற்குக் கல் அளித்தோர் தம் கொடையைக் குறித்திருப்பர் என்று ஊகித்து, அச்சொல் தானம் எனத் தெளிந்தார். பிக்குகளும் பிக்குணிகளும் வணிகரும் இல்லறத்தாரும் அளித்த எளிய தானமே அறவேந்தன் மொழியைத் திறக்கும் திறவுகோலாயிற்று!

தூண்களில் பேசும் தேவானாம்பிய பியதசி இலங்கை வேந்தன் என்று பிரின்செப் முதலில் எண்ணினார். இலங்கையிலிருந்த ஜார்ஜ் டர்னர், பாலி நூற்சான்று காட்டி, அவர் அசோகரே என்று தெரிவித்தார். பிரின்செப் தம் பிழையை மறைக்காமல் திருத்திக்கொண்டார். 1915இல் மஸ்கியில் கிடைத்த கல்வெட்டு அசோகர் என்னும் பெயரையே தாங்கி, ஐயத்தை அறவே நீக்கியது.

1838இல் கிர்னார்ப் பாறையைப் படித்தபோது அந்தியோகஸ், தாலமி முதலிய யவன வேந்தர் பெயர்கள் வெளிப்பட்டன. அவர்தம் காலம் தெரிந்ததாதலின் அசோகர் காலமும் உறுதியாயிற்று. அப்பாறையிலேயே சோழரும் பாண்டியரும் குறிக்கப்பெற்றுள்ளனர். அவர்தம் நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி அமைத்ததாக அசோகர் கூறுகின்றார். தமிழராகிய நாம் இதனை நினைந்து மகிழ்தல் தகும்.

ஆனால் ஓய்வற்ற உழைப்பு அவர் உடலை வாட்டியது. நாணயசாலைப் பணி, ஏட்டுப் பணி, எழுத்தாராய்ச்சி என மூன்று சுமைகளை ஒருவரே தாங்கினார். 1838இன் இறுதியில் கடுந்தலைவலியுற்றுக் கப்பலேறினார். அறிவாற்றல் கலங்கிய நிலையில் 1840ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். அகவை நாற்பதே. அவர் திரட்டிய காசுகள் 1847இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. கல்கத்தாவில் கங்கைக் கரையில் 1843இல் எழுந்த பிரின்செப் துறை இன்றும் நிற்கின்றது.

காசு சேர்ப்போர் பலர். பொருளாசையால் சேர்ப்போரும் உளர். பிரின்செப் தாம் பெற்றவற்றை வரைந்து ஏட்டில் வெளியிட்டு, எவரும் ஆராய இடந்தந்தார். ஆகவேதான் ஒருவர் கண்ட காசு மற்றொருவர்க்கு விளக்காயிற்று. நம் ஊர்களிலும் உழும்போதும் கிணறு தோண்டும்போதும் பழங்காசு அகப்படுவதுண்டு. அதனை உருக்கிவிட்டால் வெள்ளி மட்டுமே மிஞ்சும். கிடைத்த இடத்தைக் குறித்து அரசுக்கு அறிவித்தால் ஒரு காலமே மீளும். பெயர் மறைந்த ஓர் அரசனின் காசு, பெயர் மறைக்கப்பட்ட அறத்தை நமக்கு மீட்டுத் தந்தது. சிறிதென்று எதனையும் இகழாதிருப்போமாக!