கரிவரதன்: வேகத்துக்கு நிதானம் தேடிய கோயம்புத்தூர்க்காரர்

ஒலுவில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் டயர் கழற்றி மாட்டுவதும் சக்கரங்களுக்குப் பெலன்ஸ் பார்ப்பதும்தான் என் தொழில். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எஸ். கரிவரதன். பந்தய உலகத்தில் 'கரி' என்றால் எல்லோருக்கும் தெரியும். நமது கரையோரத்தில் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால் அவர் செய்த வேலை நமக்கும் தேவையானது. அதனால்தான் எழுதுகிறேன்.

கரிவரதன் 1954 இல் கோயம்புத்தூரில் வசதியான பஞ்சாலைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்த ஊர் நூற்பாலைகளுக்கும் வார்ப்படப் பட்டறைகளுக்கும் தண்ணீர்ப் பம்புகளுக்கும் பேர்போனது. நூற்பாலையில் கதிர்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றும். ஒரு கதிர் சற்றே கோணினாலும் நூல் அறுந்துபோகும். சுற்றுகிற பொருளுக்குச் சமநிலை வேண்டும் என்பது அங்கே தொழிலாளிக்கும் தெரிந்த பாடம். இப்படிப்பட்ட ஊரிலிருந்து பந்தயக் கார் கட்டும் ஒருவர் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அவர் இளைஞராக இருந்தபோது தென்னிந்தியாவின் பெரிய பந்தயங்கள் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடந்தன. அது இரண்டாம் உலக யுத்தத்துக்காகப் போடப்பட்ட விமான ஓடுபாதை. யுத்தம் முடிந்த பிறகு குண்டு விமானங்களுக்குப் பதிலாகக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அதில் ஓடின. யுத்தத்தின் மிச்சங்களோடு வாழ்ந்து பழகிய நமக்கு இந்தச் செய்தி வித்தியாசமாகத் தெரியும். அழிவுக்காகப் போட்ட கொங்கிறீட்டையும் இளைஞர்களின் திறமைக்குக் களமாக்க முடியும் என்பதற்கு சோழவரம் ஓர் உதாரணம்.

ஆனால் அந்தக் களம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அரச குடும்பத்தாரும் பெருமுதலாளிகளும் வெளிநாட்டுக் கார்களை இறக்கி ஓட்டினார்கள். திறமை மட்டும் உள்ள பொடியன் வேலிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். கரிவரதனும் பணக்கார வீட்டுப் பிள்ளைதான். பந்தயம் ஓட்டியவர்தான். ஆனாலும் தான் ஓட்டுவதோடு நின்றுவிடவில்லை. 1980களின் பிற்பகுதியில் உள்ளூரிலேயே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டத் தொடங்கினார். அதற்கு ஃபோர்மியூலா மாருதி என்று பெயர். 1983 இன் கடைசியில் சந்தைக்கு வந்த மாருதி 800 காரின் சின்ன இயந்திரத்தையே அதில் வைத்தார். மூன்று சிலிண்டர், 796 சிசி. வீட்டுக்காரின் இயந்திரம் என்பதால் உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். எல்லாக் காரும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்பதால் பணத்தைவிட ஓட்டுகிறவனின் கையும் கண்ணும்தான் வெற்றியைத் தீர்மானித்தன.

இங்கேதான் என் தொழில் வருகிறது. அப்படிப்பட்ட காரின் எடை மிகக் குறைவு. சாலைக் காரில் தெரியாமல் போகும் சிறு அதிர்வும் பந்தயக் காரில் ஓட்டுநரின் முதுகெலும்பு வரை ஏறும். சக்கரம் எவ்வளவு நன்றாக வார்க்கப்பட்டாலும், டயர் எவ்வளவு புதியதாக இருந்தாலும், எங்கோ ஒரு பக்கம் சில கிராம் கூடுதலாக இருக்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். முப்பது சென்ரிமீற்றர் ஆரையுள்ள சக்கரம் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 15 தடவை சுற்றும். அதன் விளிம்பருகே, மையத்திலிருந்து இருபது சென்ரிமீற்றரில், வெறும் 30 கிராம் கூடுதலாக இருந்தால், அது ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 5 கிலோ பாரம் இழுப்பதுபோல அச்சை இழுக்கும். வேகம் இரட்டிப்பானால் இழுவை இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். மணிக்கு 200 கிலோமீற்றரில் அதே 30 கிராம் 20 கிலோவாக மாறிவிடும். மெதுவாகப் போகும் மாட்டுவண்டிக்கு இந்தக் கவலை இல்லை. வேகத்தோடு பிறந்த கவலை இது.

சமநிலைக் கோளாறு இரண்டு வகை. ஒன்று, சக்கரத்தைத் தூக்கிச் சும்மா சுழல விட்டால் கனமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும். இதனால் சக்கரம் மேலும் கீழும் குதிக்கும். எதிர்ப்பக்கத்தில் ஓர் ஈயக் கட்டியை மாட்டினால் சரியாகிவிடும். மற்றது, நின்ற நிலையில் தெரியவே தெரியாது. உட்பக்கத்தில் ஓரிடத்திலும் வெளிப்பக்கத்தில் அதற்கு எதிரிடத்திலும் எடை கூடியிருந்தால், சுற்றும்போது மட்டும் சக்கரம் இடமும் வலமுமாக ஆடும், ஸ்டியறிங் நடுங்கும். அதைக் கண்டுபிடிக்க இயந்திரத்தில் சுழற்றித்தான் பார்க்க வேண்டும். ரிம்மின் இரண்டு ஓரத்திலும் தனித்தனியே எடை வைக்க வேண்டும்.

கரிவரதன் தான் கட்டிய கார்களைப் பூட்டி வைக்கவில்லை. திறமையுள்ள இளைஞர்களிடம் கொடுத்து ஓட்ட வைத்தார். 1990 இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஓடுபாதை வந்தபோது அவருடைய கார்கள் அங்கே ஓடின. கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியதும் ஃபோர்மியூலா மாருதியில்தான்.

அந்தப் பையன் எவ்வளவு உயரம் போனான் என்பதைப் பார்க்க கரிவரதன் இருக்கவில்லை. அவருக்கு ஆகாயத்திலும் ஆசை இருந்தது. 1995 இல் விமான விபத்தில் இறந்தார். வயது நாற்பதைத்தான் தாண்டியிருந்தது. 2003 இல் கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட ஓடுபாதைக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். 2005 இல் நரேன் ஃபோர்மியூலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அதே ஆண்டு ஜூனில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், ஒரு நிறுவனத்தின் டயர்கள் அந்த ஓடுபாதையின் வேகத்தைத் தாங்காது என்று தெரிந்தது. பதினான்கு கார்கள் பந்தயம் தொடங்குமுன்னே ஒதுங்கிக்கொண்டன. ஓடிய ஆறு கார்களில் நரேன் நான்காவதாக வந்து புள்ளிகள் பெற்றார். உலகத்தின் மிக வேகமான கார்களாக இருந்தாலும் டயரில் சந்தேகம் என்றால் ஓரமாக நிறுத்துகிறார்கள். அந்தப் பதினான்கு பேரையும் கோழைகள் என்று எந்தத் தொழில்காரனும் சொல்லமாட்டான்.

நமது பக்கத்துக்கு வருகிறேன். யுத்த காலத்தில் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வேகமாகப் போக யாருக்கும் வழியிருக்கவில்லை. சோதனைச் சாவடியும் குழியும் வேகத்தைத் தின்றன. இப்போது காபட் வீதி இருக்கிறது, 150 சிசி மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வீதி மாறிய வேகத்துக்கு நமது சக்கரங்களின் பராமரிப்பு மாறவில்லை. கடல் உப்பு ரிம்மை அரிக்கிறது. ஈரமணல் ரிம்முக்குள் ஒட்டிக் காய்ந்து எடையைக் கூட்டுகிறது. பழைய ஈயக் கட்டி விழுந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. கடலுக்குப் போய் மீன் ஏற்றி வரும் லொறியானாலும் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஆனாலும் இதுதான் கதை. யுத்தத்திலும் சுனாமியிலும் தப்பிப் பிழைத்த வீடுகளிலிருந்து வீதி விபத்தில் ஜனாஸா போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அதனால் வாப்பாமாருக்கும் பொடியன்மாருக்கும் நான் சொல்வது இதுதான். மணிக்கு 70, 80 இல் ஸ்டியறிங் அல்லது ஹேண்டில் நடுங்கினால், டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்தால், உடனே கழற்றிப் பாருங்கள். புது டயர் போட்டாலும், பஞ்சர் ஒட்டினாலும், குழியில் பலமாக விழுந்தாலும் பெலன்ஸ் பாருங்கள். முதலில் ரிம்மைக் கழுவுங்கள், பிறகு எடை வையுங்கள். எந்தப் பெலன்ஸும் தேய்ந்த டயரைப் புதிதாக்காது, தலைக்கவசத்துக்கு ஈடாகவும் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கராஜ்களில் கை தேர்ந்த பொடியன்மார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேரையும் ஒரே மேசைக்கு அழைத்து, ஒரு பழைய இயந்திரத்தை நடுவில் வைத்து, இதில் ஒரு வண்டி கட்டுங்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கோயம்புத்தூரில் அந்த ஆள் கரிவரதன். நமது கரையில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.