கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டவர்

ஒரு காலத்தில் லண்டன் செய்தி நியூயார்க்குக்குக் கப்பலில்தான் வரும். அதற்கு 10 நாள் போல ஆகும். அந்த நிலையை மாற்றியவர், சைரஸ் பீல்டு.

இவர் 1819-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். 15 வயதில், நியூயார்க்கில் ஒரு கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். பிறகு காகித வியாபாரம் செய்து பெரும் பணக்காரர் ஆனார்.

அயர்லாந்தில் இருந்து நியூபவுண்ட்லாந்து வரை அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட, 1854-ல் துணிந்து இறங்கினார்.

1857-ல் கம்பி அறுந்தது. மறு ஆண்டும் அறுந்தது. விடாமல் முயன்றார். 1858 ஆகஸ்டு 5-ந் தேதி கம்பி கரை சேர்ந்தது.

விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு வாழ்த்து அனுப்பினார். நியூயார்க்கில் ஒரே கொண்டாட்டம்! வாணவேடிக்கையில் நகர மண்டபமே தீப்பிடித்தது.

ஆனால், சில வாரங்களில் கம்பி ஊமை ஆகிவிட்டது! எல்லாம் மோசடி என்று சிலர் ஏசினார்கள்.

பீல்டு மனம் தளரவில்லை. தவறு எங்கே என்று ஆராயப்பட்டது. கம்பியை அவசரமாகச் செய்திருந்தார்கள். அதில் அளவுக்கு மீறி மின்சாரம் செலுத்தியதால், மேல் உறை கெட்டுவிட்டது.

அடுத்த கம்பி கனமாகச் செய்யப்பட்டது. முன்பு இரண்டு கப்பல்கள் சுமந்தன. இப்போது முழுக் கம்பியையும் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற ராட்சதக் கப்பல் சுமந்தது. 1865-ல் அதுவும் நடுக்கடலில் அறுந்தது!

1866 ஜூலை 27-ந் தேதி, புதிய கம்பி கரை சேர்ந்தது. அறுந்து கிடந்த பழைய கம்பியையும் கொக்கி போட்டுத் தூக்கி, இணைத்து முடித்தார்கள். ஒன்று பழுதானாலும் இன்னொன்று பேசும்!

கடைசிக் காலத்தில் பீல்டு, செல்வத்தில் பெரும்பகுதியை இழந்தார். 1892-ல் இறந்தார்.

இன்று கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் இன்டர்நெட் செய்திகளில் பெரும்பாலானவை, கடலடிக் கம்பி வழியாகவே போகின்றன.