மிளகுன்னு பேர் வச்ச ஒத்தக்கை மனுஷன்

நெல்லித்தோப்பில் எத்தனை நெல்லி மரம் இருக்கு தெரியுமா? இந்திரா காந்தி சிலை சிக்னலில் தினமும் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் நான். ஒரு சனிக்கிழமை, எண்ணித்தான் பார்ப்போமேன்னு மார்க்கெட் வரைக்கும் நடந்தேன். வண்டி, கடை, பேனர். நெல்லிக்காய் என்னவோ கிடைச்சது, தள்ளுவண்டியில், உப்பும் மிளகாய்த்தூளும் தூவி. மரம் ஒண்ணுகூட என் கண்ணில் படவில்லை. தோப்பு ஊர்ப்பேரில் மட்டும்தான் மிச்சம்.

மரத்தை வெட்டினால் மழை போயிடும்னு நம்ம பாட்டி சொல்வாங்க, பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதியிருக்கும். அதை முதன்முதலில் சட்டமாக்கிய சிலரில் ஒருத்தர் 1746-ல் நம்ம புதுச்சேரிக்கு வந்து போனவர்னு சொன்னா நம்புவீங்களா? பேரு பியேர் புவாவ்ர். பிரெஞ்சில் புவாவ்ர்னா மிளகு. ஆங்கில வகுப்பில் நாக்கு சுளுக்கிக்கிட்டுச் சொன்ன பீட்டர் பைப்பர் இவர்தான்னு ஒரு பேச்சு உண்டு. ஆதாரம் மட்டும் கேட்காதீங்க.

1719-ல் லியோன் நகரத்தில் பட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். மதப்பணிக்குப் போகும் எண்ணத்தோடு இளவயதிலேயே சீனா, கொச்சின்சீனா (இன்றைய வியட்நாமின் தென்பகுதி) பக்கம் கிளம்பிட்டார். 1745-ல் ஊர் திரும்பும் வழியில் ஆங்கிலேயர்கள் கப்பலைத் தாக்க, குண்டு பட்டு வலது கை போச்சு. பாதிரியாராகும் எண்ணமும் அதோடு முடிஞ்சது. கைதியாக அவரைப் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இறக்கி விட்டாங்க. அது டச்சுக்காரர்களின் கோட்டை. ஜாதிக்காயும் கிராம்பும் உலகத்துக்கே அவங்க கை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. நாற்றைக் கடத்துகிறவனுக்கு மரண தண்டனை. ஒத்தக்கையோடு அங்கே உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு, இந்தச் செடிகளை நாம ஏன் தூக்கக் கூடாதுன்னு தோணியிருக்கு பாருங்க!

அங்கேயிருந்துதான் புதுச்சேரி வந்தார். துய்ப்ளெக்ஸ் ஆண்ட காலம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பிறகு அவர் போய்ச் சேர்ந்த மொரீஷியஸ் தீவிலும் (அப்போது ஈல் தெ பிரான்ஸ்) நம்ம ஊர் ஆட்கள் இருந்தாங்க. போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டின கொத்தனார், தச்சர்களில் புதுச்சேரிப் பக்கத்துத் தமிழர்கள் உண்டு. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களும் உண்டு.

1750-களில் செடி கடத்த அவர் செய்த முயற்சிகள் உருப்படவில்லை; கொண்டுவந்த ஜாதிக்காய்ச் செடிகள் பிழைக்கவில்லை. வெறுத்துப்போய் லியோனுக்கே திரும்பித் தோட்டம் போட்டார். 1767-ல் அந்தத் தீவின் இன்டென்டன்ட் பதவி, அதாவது நிதியும் நிர்வாகமும் பார்க்கிற பொறுப்பு, வந்து சேர்ந்தது. 1770-ல் அவர் அனுப்பிய கப்பல்கள் ஒருவழியாகக் கிராம்பு, ஜாதிக்காய் நாற்றுகளோடு வந்தன. அவர் வளர்த்த பாம்ப்ளமூஸ் தோட்டம் இன்றும் இருக்கு. பெரும்பாலான கட்டுரைகள் இவர் கதையை இங்கேயே முடிச்சிடும். எனக்கு அதுக்கு முந்தைய வருஷம்தான் முக்கியம்.

புவாவ்ர் வந்தபோது தீவு பாதி மொட்டை. டச்சுக்காரர்கள் கருங்காலியை வெட்டி விற்றிருந்தாங்க (டோடோ பறவை ஒழிந்ததும் அவங்க காலத்தில்தான்). பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் கப்பலுக்கும் வயலுக்கும் மிச்சத்தை அழித்துக்கொண்டிருந்தாங்க. காடு போன இடத்தில் மழை குறையுது, மண் காயுதுன்னு வந்த உடனேயே குடியேறிகளைக் கூட்டி வச்சு எச்சரித்தார். 1769-ல் ஒரு ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கால் பங்கைக் காடாக விட வேண்டும், முக்கியமாக மலைச்சரிவுகளில். ஆற்றோர மரங்களைத் தொடக் கூடாது. மொட்டையான இடத்தில் மறுபடி நட வேண்டும்.

அவரைச் சாமியாக்க வேண்டாம். அடிமை முறையை எழுத்தில் கண்டித்த மனிதர், அடிமைகளின் உழைப்பில் ஓடிய தீவையே நிர்வாகம் பண்ணினார். கவர்னர்களோடு ஓயாத சண்டை வேற. 1772-ல் பதவியை விட்டு ஊர் திரும்பினார், 1786 ஜனவரியில் இறந்தார். அவருக்குப் பிறகு சட்டம் தளர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் கரும்பு வந்து காட்டைத் தின்றது. இன்று மொரீஷியஸில் நல்ல நிலையில் இருக்கும் இயற்கைக் காடு 2 சதவீதம்கூடத் தேறாது.

சரி, மனுஷன் சொன்னது உண்மையா? இலை வழியாக மரம் நீரை வெளியே விடுதுன்னு ஸ்டீபன் ஹேல்ஸ் 1727-லேயே அளந்து காட்டிவிட்டார். ஆனால் அந்த நீர் எங்கே போய் மழையாகுதுன்னு கணக்குப் போடும் கருவி புவாவ்ர் காலத்தில் கிடையாது. சின்னத் தீவில் கடல்காற்று கொண்டுவரும் ஈரம்தான் பெரும்பங்கு. மரத்தின் பங்கை அவர் கொஞ்சம் கூட்டித்தான் மதிப்பிட்டிருப்பார்னு நினைக்கிறேன். பெரிய நிலப்பரப்பில் கதையே வேற. அமேசானில் பெய்கிற மழையில் கணிசமான பங்கு அந்தக் காடே திருப்பிக் கொடுக்கும் நீர்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரை அரியர் வைக்காமல் முடிச்சவங்களுக்கு இது சட்டுனு புரியும்: ஃபீட்பேக் லூப். வெயில் ஏறி, மழையில்லாத மாதங்கள் நீளும்போது மரம் தன் இலைத்துளைகளை மூடி நீரைச் சேமிக்குது. காற்றுக்குப் போகும் ஈரம் குறையுது. மழை இன்னும் தள்ளிப் போகுது. துளை மூடினால் கார்பனும் உள்ளே போகாது, வளர்ச்சி மந்தமாகும். வறட்சி முற்றினால் உயரமான பெரிய மரங்கள்தான் அதிகம் சாகும். 1990-களிலிருந்து அமேசான் காடு உறிஞ்சும் கார்பன் குறைந்துகொண்டே வருது. அதன் தென்கிழக்குப் பகுதி இப்போ உறிஞ்சுவதைவிட அதிகமா வெளியே விடுது. காடு போனால் மழை போகும்னு ஒரு திசையைத்தான் புவாவ்ர் பார்த்தார். மழை மாறினால் காடும் மாறும் என்கிற எதிர்த்திசை இப்போதான் நமக்குப் பாடமாகுது.

நம்ம பக்கம் வருவோம். 2018-ல் ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழையில் 25 முதல் 40 சதவீத ஈரம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வெளியே விடும் நீர். மழை பொய்த்த வருஷங்களில் இது 50 சதவீதம் வரை போகும். நமக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான், மறுக்கலை. ஆனால் ஆடி ஆவணியில் சாயங்காலம் திடீர்னு கொட்டி, நெல்லித்தோப்பு டிராஃபிக்கை நிறுத்துதே, அந்த மழைக்கணக்கு இது.

அந்தக் காடுகள் மழையின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, மழையில்லாத மாதங்களையும் எண்ணுது. மலைத்தொடரின் தெற்கே அது இரண்டு மூன்று மாதம். வடக்கே போகப்போக ஏழெட்டு மாதம். அதற்கேற்ப பசுமைமாறா மரங்களில் பல இனங்கள் தெற்கோடு நின்றுவிடும். கோடை இன்னும் ஒரு மாதம் நீண்டால் அந்த எல்லைக்கோடு எங்கே நகரும்?

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி மரத்தை வருஷக்கணக்கில் அளப்பதுதான். குடகு மலையில் உப்பங்களா என்ற இடத்தில் 1989-90 வாக்கில் ஒரு நிரந்தர ஆய்வுத்திடல் போட்டாங்க. 30 செ.மீ.க்கு மேல் சுற்றளவுள்ள ஒவ்வொரு மரமும் கணக்கில் உண்டு. எது பருத்தது, எது செத்தது, எது புதுசா வந்ததுன்னு திரும்பத் திரும்ப அளக்கிறாங்க. அளப்பது வேறு யாருமில்லை, 1955-லிருந்து நம்ம ஊர் செயின்ட் லூயி வீதியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். பீச் ரோட்டில் செல்ஃபி எடுக்கப் போகும்போது நாம தாண்டிப் போகிற கட்டிடம்தான்.