திருமழிசைப்பிரான் கண்ட வழி

தொண்டை நாட்டில் திருமழிசை என்னும் க்ஷேத்திரத்தில், தை மாதம் மக நக்ஷத்திரத்தில், பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும் திருக்குமாரராக அவதரித்தவர் திருமழிசையாழ்வார். உறுப்புகள் அமையாத வெறும் பிண்டமாகப் பிறந்தமையால், பெற்றோர் அவரை மூங்கிற்புதரின் அடியில் விட்டு அகன்றனர் என்று குருபரம்பரை கூறும். எம்பெருமானின் கடாக்ஷத்தால் அப்பிண்டம் உயிர்பெற்றுக் குழந்தையாயிற்று. பிரம்பறுக்க வந்த திருவாளன் அக்குழந்தையை எடுத்துச் சென்று, மனைவி பங்கயச்செல்வியிடம் அளித்து வளர்த்தான்.

உயிர் கிடைத்தது; அது எதன் பொருட்டு என்பது விளங்கவில்லை. மெய்ப்பொருளை நாடிய அவர் ஜைனம், பௌத்தம், சைவம் ஆகிய சமயங்களிற் புகுந்து, அவற்றின் நூல்களையெல்லாம் கற்றார். கல்வி பெருகிற்று, மனம் நிலைகொள்ளவில்லை.

அந்நாளில், முதியவர் ஒருவர் செடியைத் தலைகீழாக நட்டு, பொத்தற்குடத்தால் நீர் வார்ப்பதைக் கண்டு நகைத்தார். அம்முதியவரே பேயாழ்வார். வேர் ஊன்றாத செடிக்கு வார்க்கும் நீரைப் போன்றதே பற்றுக்கோடில்லாத முயற்சியும் என்பதை அவர் உணர்த்தினார். வாதம் நிகழ்ந்தது, ஐயம் அகன்றது. பேயாழ்வாரையே ஆசார்யராகப் பற்றித் திருமந்திரோபதேசம் பெற்றார். தேடிய ஆண்டுகளும் வீணாகவில்லை. பல மதங்களையும் ஆராய்ந்து பெற்ற தெளிவே, பின்னர் 96 பாசுரங்கள் கொண்ட நான்முகன் திருவந்தாதியாகவும் 120 பாசுரங்கள் கொண்ட திருச்சந்த விருத்தமாகவும் மலர்ந்தது.

பின்னர்க் காஞ்சித் திருவெஃகாவில் எழுந்தருளியிருந்தபோது, தமக்குக் கைங்கரியம் செய்த மூதாட்டிக்கு இளமையை அருளினார். அவளை மணந்த பல்லவ மன்னன் தானும் இளமை பெற விரும்பி, தன்னைப் பாடுமாறு வேண்டினான். ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் அதற்கு இசையாமையால், அவரை நாடுகடத்தினான். சீடரைப் பிரியாமல் ஆழ்வாரும் புறப்பட்டார். அவர் வேண்டியபடியே எம்பெருமானும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தான். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் பாலாற்றங்கரையிலுள்ள ஓரிருக்கை. மன்னன் பிழை பொறுக்க வேண்ட, மூவரும் மீண்டனர். எம்பெருமானும் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்னும் திருநாமம் பெற்றான்.

செல்லும் திசை அறியாது அலைந்த ஒருவரின் பின்னே எம்பெருமானே நடந்தான். நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று தளங்களில் சேவை சாதிக்கும் உத்திரமேரூர் ஸ்ரீ சுந்தரவரதரின் ஸந்நிதிக்கு, வாழ்வின் வழி புலப்படாமல் கலங்கி வருவோரும் உளர். அவர்கள் தேடலைக் கைவிடாதிருக்க இவ்வாழ்வாரின் சரிதமே துணையாகும்.

திருமழிசைப்பிரான் திருவடிகளே சரணம்.