சோதனை விமானி சுரஞ்சன் தாஸ்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், முன்னே போகும் லாரியின் தார்ப்பாயை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். லாரி மெல்லச் செல்லும்போது அது சும்மா கிடக்கும். வேகம் கூடியதும் படபடவென்று அடித்துக்கொள்ளும். சில வேளை கிழிந்தும் போகும். உலோகத்தாலான விமான இறக்கைக்கும் இதுபோன்ற ஆபத்து உண்டென்றால் நம்புவீர்களா, தோழியரே? அத்தகைய ஆபத்துகளின் நடுவே பணியாற்றிய ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

சுரஞ்சன் தாஸ் 1920ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சுதிரஞ்சன் தாஸ், இந்தியாவின் தலைமை நீதிபதியாக விளங்கியவர். மகனோ சட்டத்தை நாடாமல் வானத்தை நாடினார். விமானப்படையில் சேர்ந்தார், இங்கிலாந்தில் சோதனை விமானிக்கான பயிற்சியும் பெற்றார்.

அந்நாளில் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், ஜெர்மானிய வல்லுநர் குர்ட் டாங்க் தலைமையில் மாருத் என்னும் போர்விமானம் உருவாயிற்று. அதன் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. மிகுந்த வேகத்தில் காற்றின் தடையைக் குறைக்கவே அந்தச் சாய்வு. ஆனால் பறக்கும்போது இறக்கை வளையவும் செய்யும், முறுக்கவும் செய்யும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்தால் இவ்விரண்டும் கைகோத்துக்கொள்ளும். காற்றே அந்த அதிர்வுக்குத் தீனி போடும். சில நொடிகளில் இறக்கை ஒடிந்துவிடலாம். இதனையே ‘ஃபிளட்டர்’ என்பர்.

நாங்கள் வகுப்பில் அளவுகோலை மேசை விளிம்பில் வைத்து அதிரச் செய்தோம். அதிர்வு தானே அடங்கிற்று. புதிய விமானத்தையும் இவ்வாறே சோதிக்கின்றனர். முதலில் தரையில் அதிரவைத்து அளப்பர். பிறகு வானில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் அதிர்வு அடங்குகிறதா என்று பார்ப்பர். அடங்கத் தாமதித்தால் மேலே போகக் கூடாது. கணக்கிட்டவர்கள் தரையில் இருப்பர். சோதிக்கும் விமானியோ வானில் இருப்பார்!

1961ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மாருத் விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டவர் சுரஞ்சன் தாஸ். 1964இல் கிரண் பயிற்சி விமானத்தின் முதல் பயணத்தையும் அவரே நடத்தினார். 1970ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், மாருத்தின் புதிய வடிவமொன்றைச் சோதிக்கப் பெங்களூரில் எழும்பியவர் விபத்தில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை. அவ்வாண்டே அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. மறு ஆண்டு நடந்த போரில் மாருத் விமானங்கள் நாட்டைக் காத்தன. அதைக் காண அவர் இல்லை.

பெங்களூரில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறர் அச்சமின்றிப் பறப்பதற்காகத் தாம் முதலில் பறந்தவர் அவர். விடைத்தாளை ஒருமுறை சரிபார்க்கவே சலித்துக்கொள்ளும் நாம், உயிரைப் பணயம் வைத்துச் சரிபார்த்த இம்மனிதரை நினைவில் கொள்வோமாக!